கூடுதலாக வந்த சில்லறை யாருடையது? கல்லாக் கணக்கும் சட்டமும்

140 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 200 ரூபாய்த் தாளை நீட்டுகிறோம். கூட்ட நேரம். கவுன்ட்டரில் இருப்பவர் அதை 500 என்று நினைத்து 360 ரூபாய் மீதி தருகிறார். 60 வர வேண்டிய இடத்தில் 360. வாசலைத் தாண்டிய பிறகுதான் நமக்கே தெரிகிறது.

அந்த 300 ரூபாய் யாருடையது? "அவங்கதானே கவனிச்சிருக்கணும்", "பெரிய கடை, இதெல்லாம் அவங்களுக்கு ஒரு காசா", "பில் போட்டு முடிஞ்சாச்சு, இனிமே கேட்க முடியாது" என்று மூன்று பதில்கள் வழக்கமாக வரும். மூன்றுமே நிற்காது. ஏன் நிற்காது என்பதைப் பார்க்க, கல்லாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

## எதெல்லாம் தவறு, எதெல்லாம் தவறல்ல

வாங்குபவருக்குச் சாதகமாக விழும் தவறுகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. பணம் கூடுதலாக வருவது: மீதிச் சில்லறை அதிகமாக வருவது, ஒரே ரீஃபண்ட் இரண்டு முறை வருவது.
2. பொருள் பில்லில் ஏறாமல் பைக்குள் போவது.
3. பொருளே கூடுதலாக வருவது: ஒன்று கேட்டால் இரண்டு வீட்டுக்கு வந்து சேர்வது.
4. விலை குறைவாக ஏறுவது.

முதல் மூன்றில் குழப்பம் இல்லை. நான்காவதில்தான் சிக்கல், அதைத் தனியாகப் பார்ப்போம்.

சலுகை வேறு, தவறு வேறு. எம்ஆர்பிக்குக் கீழே எந்த விலைக்கும் விற்கக் கடைக்கு உரிமை உண்டு. ரேக்கில் 90 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்க, பில்லில் 110 ஏறினால், 90க்குத் தரச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. பேரம் பேசிக் குறைத்தாலும், கடைக்காரரே வட்டமாக்கி இரண்டு ரூபாய் விட்டுக்கொடுத்தாலும் மனசு உறுத்த வேண்டியதில்லை. கடை தெரிந்தே தருவது சலுகை. தெரியாமல் தந்தால் தவறு.

## தவறு எங்கே விழுகிறது

கூட்ட நேரத்தில் கவுன்ட்டரில் இருப்பவர் நோட்டின் எண்ணைப் படிப்பதில்லை, நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார். 20 ரூபாய்த் தாள் பச்சை கலந்த மஞ்சள், 200 ரூபாய்த் தாள் பளிச்சென்ற மஞ்சள். 20 ரூபாய்த் தாளின் நீளம் 129 மில்லிமீட்டர், 200 ரூபாய்த் தாள் 146. அருகருகே வைத்தால் 17 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். மடித்த நோட்டை மங்கிய டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துக் கொடுக்கும்போது தெரியாது. 20க்குப் பதில் 200 போனால் கல்லாவில் 180 ரூபாய் குறையும். வங்கியிலிருந்து வந்த புதுக் கட்டைப் பிரித்த அன்று இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவதும் உண்டு.

பில்லில் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், பொருள் கவுன்ட்டரின் மேல் வராததுதான். 25 கிலோ அரிசி மூட்டை தள்ளுவண்டியின் அடித்தட்டிலேயே கிடக்கும், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டது மறந்துபோகும். ஸ்கேனர் சத்தம் பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து வந்திருக்கும், இவர் தன்னுடையது என்று நினைத்துப் பொருளைப் பைக்குள் தள்ளியிருப்பார்.

காய்கறிப் பகுதியில் தவறு வேறு விதமாக விழும். அங்கே எடை போடுபவர் பொருளுக்கான குறியீட்டைத் தேர்ந்தெடுத்து லேபிள் அடிக்கிறார். சின்ன வெங்காயத்தை வைத்துவிட்டுப் பெரிய வெங்காயத்தின் குறியீட்டை அழுத்தினால் எடை சரியாக இருக்கும், விலை மட்டும் குறைந்துவிடும். ஒரே பார்கோடில் பழைய எம்ஆர்பி, புதிய எம்ஆர்பி இரண்டும் கிடக்கும் பொருளுக்குத் திரையில் இரண்டு விலையும் வந்து, எது என்று கேட்கும். அவசரத்தில் மேலே இருப்பதைத் தட்டிவிட்டால் புதுப் பாக்கெட் பழைய விலைக்குப் போகும்.

கையால் பில் எழுதும் மளிகைக் கடையில் கூட்டலில் தவறும், அல்லது இலக்கம் இடம் மாறும். 540 என்பது 450 ஆகும். இப்படி அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். இங்கே 90. கணக்குப்பிள்ளைகள் தவறைத் தேட முதலில் பிடிக்கும் நூல் இதுதான்.

இப்போது கூடுதலாக வந்து சேர்ந்திருப்பது க்யூஆர் அட்டைத் தவறு. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் தொகை இருக்காது, வாங்குபவர்தான் அடிக்க வேண்டும். 1,250 அடிப்பதற்குப் பதில் 125 அடித்து, சவுண்ட்பாக்ஸ் சொன்னதைக் கடைக்காரர் காதில் வாங்காவிட்டால் 1,125 ரூபாய் நம்மிடமே தங்கிவிடும். இதில் தவறு தொடங்கியதே நம் விரலில்தான் என்பதால், "அவங்க கவனிச்சிருக்கணும்" என்று சொல்லக்கூட இடமில்லை.

## இரவு கல்லாக் கணக்கு முடிக்கும்போது

கல்லாக் கணக்கின் சூத்திரம் எளியது. காலையில் சில்லறைக்காக வைத்த தொகை, அதோடு ரொக்க விற்பனை, அதிலிருந்து நடுவில் எடுத்துக் கொடுத்தது போக மீதி கையில் இருக்க வேண்டும்.

நம் உதாரணத்தை அதில் பொருத்திப் பார்ப்போம். காலையில் வைத்தது 2,000. ரொக்க விற்பனை 38,460. மதியம் மேலாளர் எடுத்துப்போனது 30,000. இரவில் கல்லாவில் 10,460 இருக்க வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று தாள்வாரியாக எழுதிக் கூட்டினால் 10,160 வருகிறது. கணக்கு 300 இடிக்கிறது.

அனுபவப்பட்டவர் உடனே 500 ரூபாய் அறையைப் புரட்டிப் பார்ப்பார். நடுவில் ஒரு 200 ரூபாய்த் தாள் இருக்கும். 500 என்று நினைத்து வாங்கிய தாள் 500 அறைக்குத்தான் போயிருக்கும். என்ன நடந்தது என்பது அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிடும். யாரிடம் நடந்தது என்பது மட்டும் தெரியாது. அன்று ரொக்கம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், அவர்களில் யாருடைய முகத்தையும் அந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த 300ஐ யார் தாங்குவது? ஊழியரிடம் ஒப்படைத்த பணம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் குறைந்தால், அந்த அளவுக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது, பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த இந்த ஏற்பாடு 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆகவே "பெரிய கடைக்கு இது ஒரு காசா" என்ற கேள்வி இடம் மாறிப் போகிறது. கடை எவ்வளவு பெரியதானாலும், கணக்கு இடித்தால் முதலில் பதில் சொல்ல நிற்பவர் கவுன்ட்டரில் எட்டு மணி நேரம் நின்றவர்.

சின்னக் கடையானால் முதலாளியே தாங்குவார். 100 ரூபாய்க்கு விற்றால் 8 ரூபாய் நிற்கும் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாயை ஈடுகட்ட அவர் 3,750 ரூபாய்க்கு வியாபாரம் செய்தாக வேண்டும். பில்லில் ஏறாமல் 100 ரூபாய்ப் பாக்கெட் ஒன்று போனால், அதன் கொள்முதல் விலை 92ஐ எடுக்கவே இன்னும் 12 பாக்கெட் விற்க வேண்டும்.

பில்லில் ஏறாத பொருளுக்கு இன்னும் இரண்டு பின்விளைவுகள் உண்டு. கம்ப்யூட்டரில் இருப்பு 6 என்று காட்டும், ரேக்கில் 5தான் இருக்கும். இருப்பைப் பார்த்துத் தானாக ஆர்டர் போடும் கடைகளில் இப்படி நாலைந்து சேர்ந்தால், ரேக் காலியான பிறகும் சரக்கு இருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டிருக்கும், புதுச் சரக்கு வராது. இன்னொன்று வரி. தொலைந்துபோன, கழித்துக்கட்டிய சரக்குக்குக் கொள்முதலின்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கடை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடியாது, ஏற்கெனவே கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். பொருளும் போய், அதற்கான வரியும் கைப்பொறுப்பாகிறது.

## சட்டம் என்ன சொல்கிறது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. இதில் நமக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள்.

பிரிவு 72. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவர் கவனமாக இருந்தாரா, அசட்டையாக இருந்தாரா என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இருவர் சேர்ந்து 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், ஒருவர் அடைத்துவிட்டது தெரியாமல் மற்றவரும் அடைக்கிறார். இரண்டாவதாக வந்த 100ஐக் கடன் கொடுத்தவர் திருப்பித் தந்தாக வேண்டும். ஒரே ரீஃபண்ட் இரண்டு முறை வருவதும் இதே கதைதான்.

பிரிவு 70. இலவசமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் தந்ததை இன்னொருவர் அனுபவித்தால், பணம் தர வேண்டும், அல்லது பொருளைத் திருப்ப வேண்டும். இதற்குச் சட்டம் தரும் உதாரணம் இன்றைய ஆன்லைன் பார்சலுக்கு அப்படியே பொருந்தும்: ஒரு வியாபாரி தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறார். அவர் அதற்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். தவறால் எழுந்த வழக்கில் அந்தக் கெடு, தவறு தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். "பில் முடிஞ்சாச்சு" என்ற பதில் இங்கே விழுந்துவிடுகிறது.

குற்றவியல் பக்கமும் ஒன்று உண்டு. பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு, அதோடு அபராதமும். முந்நூறு ரூபாய்க்காக யாரும் வீட்டுக்குப் போலீசை அனுப்பப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பிரிவின் உதாரணம் நேர்மையின் எல்லைக்கோட்டை மிகத் துல்லியமாகப் போடுகிறது. ஒருவர் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பிப் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டு ஆகாது. தன்னுடையதல்ல என்று தெரிந்த பிறகும் நேர்மையின்றி வைத்துக்கொண்டால் குற்றம். 360ஐ எண்ணாமல் சட்டைப்பையில் போட்டது வரை நம் மேல் பிழை இல்லை. எண்ணிப் பார்த்த நொடியிலிருந்து கணக்கு வேறு.

## விலையே தவறாக ஏறியிருந்தால்

இதுதான் சிக்கலான வகை. ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் ஒரு விவரத்தில் தவறிவிட்டது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. கடை 110க்குப் பதில் 100 என்று பில் போட்டு, நாமும் அதுதான் விலை என்று நம்பி வாங்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. தள்ளுபடியா தவறா என்று நமக்குத் தெரிய வழியில்லாதபோது தேடிப்போய்த் திருப்ப வேண்டிய கடமை இல்லை.

தவறு என்று தெரிந்தே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இதற்குச் சிங்கப்பூரில் பலரும் மேற்கோள் காட்டும் வழக்கு ஒன்று நடந்தது. 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடையில் 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள லேசர் பிரின்டருக்குத் தவறுதலாக 66 டாலர் என்று விலை ஏறிவிட்டது. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து மொத்தம் 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். கடை தர மறுத்ததும் வழக்குத் தொடுத்தார்கள். 2004இல் உயர் நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, எனவே ஒப்பந்தமே செல்லாது என்பது தீர்ப்பு. நூற்றுக்கணக்கில் வாங்கி மறுவிற்பனை செய்ய நினைத்ததே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சோதனை கிடைக்கிறது. விலையைப் பார்த்ததும் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளத் தோன்றுகிறதா, அல்லது அவர் கவனிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றுகிறதா? இரண்டாவது தோன்றினால் அது தவறு என்று நமக்கே தெரிந்துவிட்டது என்று பொருள். எடை லேபிளில் பெரிய வெங்காயம் என்று அச்சாகி, பைக்குள் சின்ன வெங்காயம் இருப்பதைப் பார்த்தாலும் இதே சோதனைதான்.

## திருப்பிக் கொடுக்கும் முறை

நல்ல எண்ணத்தோடு போய்த் தவறான இடத்தில் கொடுத்தால் பணம் திரும்பியும் கணக்கு நேராகாமல் போகலாம். வரிசையாக:

1. நகர்வதற்கு முன் எண்ணுங்கள். மீதியைப் பர்ஸில் இருக்கும் பணத்தோடு கலக்கும் முன் கவுன்ட்டரிலேயே எண்ண வேண்டும். கலந்த பிறகு எவ்வளவு வந்தது என்று நமக்கே சொல்ல முடியாது.

2. பில்லின் அடியைப் பாருங்கள். பல பில்களில் மொத்த உருப்படி எண்ணிக்கை அச்சாகியிருக்கும். பையில் 14, பில்லில் 13 என்றால் எது விடுபட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

3. மெதுவாகச் சொல்லுங்கள். "தம்பி, சில்லறை கூட வந்திருக்கு, ஒரு தடவை எண்ணிப் பாருங்க" என்றால் போதும். மேலாளர் காதில் விழும்படி சொன்னால், நேர்மை நம்முடையதாகவும் திட்டு அவருடையதாகவும் போகும்.

4. பணம் முழுவதையும் விரித்து வையுங்கள். நோட்டை மாற்றிக் கேட்டு, நடுவில் இன்னொன்றைக் கொடுத்து, குழப்பி ஏமாற்றும் ஆட்கள் உண்டு என்பதால் சில கேஷியர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் கொடுத்தது எந்தத் தாள், வந்தது எவ்வளவு என்று சொல்லி, அவர் தந்த அத்தனையையும் மேசைமேல் வைத்து, அவரையே எண்ண விடுங்கள்.

5. விடுபட்ட பொருளுக்குப் பில் கேளுங்கள். "பரவாயில்லை, குடுத்துட்டுப் போங்க" என்று பணத்தை மட்டும் வாங்கினால் இருப்புக் கணக்கு இடித்தபடியே இருக்கும், ரொக்கமும் அன்றைக்குக் காரணமில்லாமல் கூடும். தனிப் பில் போட்டால் இருப்பு, ரொக்கம், வரி மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகும்.

6. ரொக்கத் தவறை ரொக்கமாகவே திருப்புங்கள். ரொக்கத்தில் குறைந்ததை யூபிஐயில் அனுப்பினால், கல்லாவில் 300 குறைவும் வங்கிக் கணக்கில் 300 கூடுதலுமாக இரண்டு இடத்தில் இடிக்கும். நேரில் போக முடியாமல் யூபிஐயில்தான் அனுப்ப வேண்டுமென்றால், பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்து, எந்தப் பில்லுக்கான பணம் என்று சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும்.

நேரமும் முக்கியம். அன்றைய கணக்கு முடிவதற்குள் தகவல் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பணம் மறுநாள் வந்தாலும் ஷார்ட்டுக்கு, அதாவது கல்லாவில் குறைந்த தொகைக்கு, காரணம் எழுதிவைத்துவிடுவார்கள், விளக்கம் கேட்கும் வேலை இருக்காது.

## யூபிஐயில் மட்டும் வரும் சிக்கல்கள்

ஒன்று, போன பணம் திரும்பி வருவது. கடையில் பணம் செலுத்துகிறோம், நம் கணக்கில் கழிந்துவிட்டது, கடையின் சவுண்ட்பாக்ஸ் சத்தமே போடவில்லை. நம் திரையைப் பார்த்து நம்பிக் கடைக்காரர் பொருளைக் கொடுத்தனுப்புகிறார். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, வணிகருக்குப் போய்ச் சேராத யூபிஐ பணம் 5 நாளுக்குள் தானாக நம் கணக்குக்குத் திரும்ப வேண்டும். திரும்பியதும் பலர் "வந்துடுச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பொருள் நம் வீட்டில் இருக்கிறது, பணமும் நம் கணக்கில் இருக்கிறது. கடைக்காரருக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அவருக்கு இது தெரியவும் வழி குறைவு, ஏனென்றால் திரும்பிய செய்தி வருவது நம் போனுக்கு.

இன்னொன்று, திருப்பித் தரும் நேர்மையையே தூண்டிலாக்கும் மோசடி. "உங்க நம்பருக்குத் தப்பாப் பணம் அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி விடுங்க" என்று புது எண்ணிலிருந்து அழைப்பு வரும். குறுஞ்செய்தியை நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து பணம் உண்மையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் அழைத்தவர் சொல்லும் வேறு எண்ணுக்கு அனுப்பாமல் உங்கள் வங்கிக்குத் தகவல் கொடுத்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். கடை என்றால் பில்லில் அச்சான எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் கேட்டு வரும் எந்தக் கோரிக்கையிலும் யூபிஐ பின் எண்ணை அடித்தால் உங்கள் பணம்தான் போகும்.

## மிச்சமிருக்கும் சில கேள்விகள்

"போன மாசம் இதே கடை என்கிட்ட 20 ரூபாய் கூட வாங்கிடுச்சு. அதுக்கு இது சரியாப் போச்சு." அந்த 20 உங்களுக்கு வர வேண்டிய பாக்கி, பில்லோடு போய்க் கேட்டு வாங்க வேண்டியது. அன்று கூடுதலாக வாங்கிய கவுன்ட்டர் வேறு, இன்று குறைந்த கல்லா வேறு. ஒருவர் கணக்கை இன்னொருவர் சம்பளத்தில் தீர்க்கக் கூடாது.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றால்? சில்லறை இல்லாமல் கடையே அங்குமிங்கும் வட்டமாக்கும் தொகைதான் இது. அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும்.

பொருளைப் பயன்படுத்திய பிறகு தெரிந்தால்? பாலைக் காய்ச்சியாகிவிட்டது, மூட்டையைப் பிரித்தாகிவிட்டது என்றால் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், விலையைக் கொடுத்துப் பில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றுக்கு இரண்டாக வந்த பார்சல்? பிரிக்காமல் வைத்து, செயலியின் உதவிப் பகுதியில் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் செலவில் எடுத்துப்போகச் சொல்லுங்கள். அனுப்பும் செலவை நாம் ஏற்க வேண்டியதில்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே எழுதிவிட்டால் அது உங்களுடையது, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பத்து நாள் கழித்துத்தான் நினைவு வந்தது என்றால்? போகலாம், போகவும் வேண்டும். பில் கையில் இல்லாவிட்டாலும் எந்தத் தேதி, தோராயமாக எத்தனை மணி, எந்தக் கவுன்ட்டர் என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். தேதி தெரிந்தால்தான் அந்தப் பணத்தை அன்றைய ஷார்ட்டோடு பொருத்த முடியும். யாருடைய சம்பளத்தில் அது ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறதோ அவரிடம் திரும்பக் கொடுக்கவும் முடியும்.